பத்தொன்பது உப்புக் கோடுகள்

சென்ற தை மாதம் கௌசிகா தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வுபெற்ற பிறகு எங்கள் அருங்காட்சியகத்தின் துணிப் பாதுகாப்புப் பிரிவை அவள்தான் பார்க்கிறாள். கெட்டிக்காரி. எதையும் அரைகுறையாக விடமாட்டாள், அதுதான் எனக்கு வினையாகப் போயிற்று.

"சேர், சவிரி சேகரிப்பின்ரை கோப்புகளைக் கணினியிலை ஏத்திறம். நாப்பத்தொரு பொருள். எல்லாத்துக்கும் நிலைப்படம் கிடக்கு. ஏழாம் இலக்கத்துக்கு மட்டும் இல்லை. நீங்கள் கீறினதெண்டு பதிவிலை இருக்கு, தாளைத்தான் காணேல்லை. எங்கையாவது வைச்சனீங்களோ?"

"தேடிப் பாக்கிறன் பிள்ளை" என்றேன்.

தேடுவதற்கு ஒன்றுமில்லை. அந்தத் தாள் என் வீட்டு அலுமாரியில், மேல்தட்டில் விரித்த பத்திரிகைத்தாளுக்குக் கீழே பதினாலு வருடமாகக் கிடக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை மனைவி பத்திரிகைத்தாளை மாற்றும்போது "உதென்னப்பா?" என்பாள். "கந்தோர்த் தாள், வேலை விசயம்" என்பேன். அவள் மறுபடி கேட்டதில்லை.

சவிரி யாரென்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். குருநகர்க் கடற்றொழில் குடும்பத்துப் பிள்ளை. சவிரிமுத்து என்பது ஞானஸ்நானப் பெயர். எலெக்ரிக் கிற்றாரைத் தோளில் மாட்டிக்கொண்டு குடாநாட்டில் தமிழில் றொக் பாடியவர்களில் அவரைப்போல் இன்னொருவர் வரவில்லை. பாட்டு ஒரு பக்கம். ஆளின் கோலம் மறுபக்கம். கிழிந்த வலையை வெட்டித் தோளில் தொங்கவிட்ட சட்டை, வலைக்குக் கட்டும் மிதவைகளுக்கு வெள்ளிப் பூச்சு அடித்துக் கோத்த இடுப்புப் பட்டி, முழங்காலுக்குக் கீழே இறங்கும் கறுப்புக் கோட், காதுவரை நிமிர்ந்த கொலர். கோப்பாய்ச் சந்தி சலூனில் அவருடைய படத்தைக் காட்டித்தான் பெடியள் தலை வெட்டுவித்தார்கள். தையற்கடைகளில் "சவிரிக் கொலர்" என்றால் போதும், அளவு கேட்கமாட்டார்கள். இணுவிலில் எங்கள் பள்ளிக்கூட அதிபர் அந்தக் கொலரோடு வந்த ஏழு பேரை ஒருநாள் வீட்டுக்குக் கலைத்தார். அதில் நானும் ஒருவன்.

எங்கள் கோயில் திருவிழாவுக்கு அவருடைய குழு வந்தது. எனக்கு அப்போது பதினாறு வயது. சனத்துக்குள் நசிபட்டுக்கொண்டு தூரத்தில் நின்றேன். ரியூப்லைற் வெளிச்சத்தில் அந்தக் கறுப்புக் கோட் மினுங்கியது. சரிகை வைத்துத் தைத்திருக்கிறார் என்று நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சரிகை கேட்டு அடி வாங்கினேன்.

அதன் பிறகு படிப்பு, கொழும்பில் இரண்டு வருடப் பயிற்சி, பிறநாட்டில் ஆறு மாதம். அதைப்பற்றி விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. துணிக்கு எதிரிகள் நான்கு என்று படித்தேன்: வெளிச்சம், பூச்சி, ஈரம், உப்பு. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், நூலை அரிக்கும், உலோகப் பொத்தானைத் துருப்பிடிக்க வைக்கும். இதை யாரும் எனக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. நான் தோட்டக்காரன் மகன். வைகாசி வெயிலில் கிணறு இறங்கினால் ஐயா ஒவ்வொரு காலையும் தண்ணீரை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைப்பார். "உவர் ஏறிட்டுது" என்று அவர் சொன்ன வருடங்களில் எங்கள் வீட்டில் ஒருவரும் சிரித்ததில்லை. உப்பு என்றால் எங்கள் பக்கத்தில் நாசம்தான்.

வெளிநாட்டிலிருந்த சவிரியின் இரசிகர்கள் சிலர் சேர்ந்து நகரத்தில் ஒரு பழைய வீட்டை வாங்கி, அவருடைய உடுப்புகளுக்கும் மேடைப் பொருள்களுக்குமென்று அருங்காட்சியகம் தொடங்கினார்கள். சவிரி அப்போது உயிரோடு இல்லை. போரில் ஊரே வெளியேறிய பெரிய இடப்பெயர்வுக்கு முந்தைய வருடம் மாரடைப்பால் போய்விட்டார். கொழும்பில் அதே வேலையிலிருந்த என்னைத் துணிப் பாதுகாப்புக்கு எடுத்தார்கள். பொறுப்பாளராக வந்தவர் மங்கை மிஸ். முன்பு இரசாயனவியல் படிப்பித்தவர்.

மங்கை மிஸ் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வேலை அறைக்குள் பேனை கொண்டுவரக் கூடாது, மை சிந்தினால் துணி போய்விடும் என்பார். மேசைக்காலில் நூலில் கட்டிய பென்சில்தான். ஒரு பொருள் வந்தால் முதலில் தொடாமல் பார்க்க வேண்டும். பிறகு நிலைப்படம் கீற வேண்டும்: உடுப்பின் முன்புறம், பின்புறம், அதிலுள்ள ஒவ்வொரு கறை, கிழிசல், தையல் எல்லாம் அளந்து குறித்த படம். பிறகு கொடுத்தவரோடு உட்கார்ந்து பொருளின் கதையை எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் கை வைக்கலாம். துணியை ஈரமாக்குவதென்றால் முன்கூட்டியே அட்டையில் இரண்டு கையொப்பம் வேண்டும், செய்கிறவருடையதும் அவருடையதும். மாலையில் எல்லா அட்டைகளையும் நின்றபடியே வாசித்து, சரியென்றால் கையொப்பம் வைப்பார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"எழுதினனீரோ?"

ஒருமுறை சவிரியின் கறுப்புக் கண்ணாடியின் காதுக்கம்பியை உடைத்துவிட்டேன். அவரிடம் போய்ச் சொன்னேன். ஏச்சு விழுமென்று எதிர்பார்த்தேன். "எழுதினனீரோ?" என்றார். எழுதினேன் என்றேன். கையொப்பம் வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போனார். உண்மை சொல்வதற்கு அந்த இடத்தில் இவ்வளவுதான் செலவு. தெரிந்துகொண்டுதான் பிறகு அப்படிச் செய்தேன், அதுதான் என்னை உறுத்துகிறது.

ஏழாம் இலக்கம் கடைசியாக வந்தது. திறப்பு விழாவுக்கு இன்னும் எட்டு நாள். மங்கை மிஸ் கண் சத்திரசிகிச்சைக்குக் கொழும்பு போயிருந்தார், விழாவுக்கு இரண்டு நாள் முன்புதான் வருவார். சவிரியின் தங்கை றோஸம்மா காய்ச்சலில் படுத்திருந்ததால் அவருடைய மருமகன் ஒரு தகரப்பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே தலையணை உறையில் சுற்றிய கறுப்புக் கோட். நான் பதினாறு வயதில் பார்த்த அதே கோட்.

சரிகையைத் தேடினேன். ஒரு நூல்கூட இல்லை. யாரோ பிரித்து எடுத்துவிட்டார்கள் என்று நினைத்து மனம் கசந்தது. பதிலாக, நெஞ்சிலிருந்து கீழ்நோக்கி ஒன்றன்கீழ் ஒன்றாக வெள்ளை வளையங்கள், சுற்றிவர ஒரே மட்டத்தில். உப்பு. கடற்கரை வீட்டில் கிடந்த உடுப்பு, வெள்ளத்திலோ கடலிலோ நனைந்து காய்ந்திருக்கிறது என்று முடிவு செய்தேன். மருமகனிடம் கேட்டேன்.

"எனக்கு ஒண்டும் தெரியாதண்ணை. மாமிக்குத்தான் தெரியும்" என்றார்.

மாமி இருந்தது குருநகரில். அருங்காட்சியகத்திலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம். நான் போகவில்லை. கதை எழுதும் தாளில் "கறுப்புக் கோட், கிழிசல் இல்லை" என்று எழுதி மூடினேன்.

நிலைப்படத்தை மட்டும் ஒழுங்காகக் கீறினேன், கை பழகிய வேலை. பத்தொன்பது கோடுகள். ஒவ்வொன்றின் உயரமும் மில்லிமீற்றரில். கடைசிக் கோடு கீழ் விளிம்புக்கு ஒரு சாண் மேலே.

மிஸ் வரும்வரை காத்திருந்தால் காய நாள் போதாது. அதைவிட, இவ்வளவு சின்ன வேலைக்கு இரண்டாவது கையொப்பம் எதற்கு என்ற பெருமையும் இருந்தது. உள்தையலில் ஈரப் பஞ்சை வைத்துச் சாயம் கசிகிறதா என்று பார்த்தேன். கசியவில்லை. சாய்வான தட்டில் வலைத்துணி விரித்து, அதன்மேல் கோட்டைக் கிடத்தி, காய்ச்சி வடித்த நீரை மெதுவாக விட்டேன். முதல் தண்ணீர் அரிசி கழுவின தண்ணீர்போலக் கலங்கி வந்தது. இரண்டாவது கொஞ்சம் தெளிந்தது. மூன்றாவது சுத்தம். முதல் தண்ணீரில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். செய்யக் கூடாத காரியம், ஆனால் ஐயாவின் பழக்கம் என்னையும் விடவில்லை. கடுமையான உவர். எல்லாவற்றையும் கழிவுநீர் ஓடும் கானுக்குள் ஊற்றினேன்.

கோட் புதுசாக இருந்தது. கறுப்பென்றால் அப்படிக் கறுப்பு. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அட்டையில் "மென்தூரிகையால் மேற்பரப்புத் தூசி அகற்றப்பட்டது" என்று எழுதினேன். ஈரமாக்கியதை எழுதினால் இரண்டாவது கையொப்பத்துக்குப் பதில் சொல்ல வேண்டுமே.

திறப்பு விழாவன்று றோஸம்மா வந்தார். மெலிந்த மனிசி, காய்ச்சலில் இன்னும் வாடிப்போயிருந்தார். பேரப்பிள்ளைகள் இரண்டு பேரைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே ஏழாம் இலக்கக் கண்ணாடிப் பெட்டிக்குப் போனார். நான் பக்கத்தில் போய் நின்றேன், பாராட்டுக் கேட்க.

"இந்தா, பாட்டாவின்ரை கோட்டு. கோடுகளை எண்ணுங்கோ பாப்பம்" என்று பிள்ளைகளுக்குச் சொன்னார். பிறகு கண்ணாடியோடு முகத்தை ஒட்டினார். என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இது அண்ணையின்ரை கோட்டோ?"

"ஓம் அக்கா."

"அப்ப கோடுகள் எங்கை?"

"என்ன கோடுகள்?" என்று கேட்டேன்.

அவர் சொன்னார். முதல் மேடைக்கு முன் சவிரி இந்தக் கோட்டை நெஞ்சளவுக்குக் கடலில் தோய்த்து, வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் போட்டு வெயிலில் காயவிட்டாராம். உப்புப் பூத்துக் கோடு விழுந்தது. அடுத்த மேடைக்குக் கொஞ்சம் குறைத்துத் தோய்த்தார், முதல் கோட்டுக்குக் கீழே இரண்டாவது விழுந்தது. மேடைக்கு ஒரு கோடு. வெளிச்சம் பட்டால் மினுங்கும்.

"கோடு கீழ்க்கரைக்கு வந்திட்டால் பாட்டை விட்டிட்டுத் தொழிலுக்கு வாறன் எண்டு ஐயாவுக்குச் சொன்னவர். பத்தொன்பதோடை ஆள் போய்ச் சேர்ந்திட்டுது. கழுவக் கூடாதெண்டு நான் தண்ணியே காட்டேல்லை, தம்பி. மருமோன் கொண்டுவரேக்கை இருந்ததோ?"

அந்த இடத்தில் ஓம் என்று சொல்லியிருக்கலாம். நான்தான் கழுவினேன் அக்கா என்று சொல்லியிருக்கலாம். சுற்றிவர வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், படம் எடுக்கிறவர்கள். நான் சொன்னது இது:

"பெரிசா ஒண்டும் தெரியேல்லை அக்கா. பழசெல்லோ. மடிச்சு வைச்சதிலை உதிர்ந்திருக்கும்."

அவர் தன் கைகளைப் பார்த்தார்.

"இடம்பெயர்ந்து வன்னிக்குக் கொண்டுபோகேக்கை ஒருக்காப் பெட்டி மழையிலை நனைஞ்சது. வந்தாப் பிறகு திறந்து பாக்க எனக்கு மனம் வரேல்லை. அதிலைதான் போட்டுதாக்கும். நான்தான் கவனிக்காமல் விட்டிட்டன்."

"இருக்கும் அக்கா" என்றேன்.

என் முப்பது வருட வேலையில் நான் செய்த மிகப்பெரிய நாசம் அந்தக் கோட்டைக் கழுவியது இல்லை. அது அறியாமை, திமிர், எப்படியும் சொல்லலாம். நாசம் அந்த "இருக்கும் அக்கா"தான். தன்னையே நொந்துகொண்டு நின்ற பெண்ணின் தலையில் என் குற்றத்தைத் தூக்கி வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டேன்.

அன்று பின்னேரமே கோப்பிலிருந்து நிலைப்படத்தை உருவிச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அந்தத் தாள் இருந்தால் கோடுகள் எங்கள் கைக்கு வந்து சேர்ந்தது வெளியாகிவிடும்.

இரண்டு நாள் கழித்து மங்கை மிஸ் விளக்கப்பலகையைத் திருத்த உட்கார்ந்தார். றோஸம்மா சொன்ன கோடுகளின் கதையைப் போட வேண்டும் என்றார். கோடுகள் இப்போது ஏன் இல்லை என்பதையும் போட வேண்டுமே.

"குடும்பத்தார் வைச்சிருந்த காலத்திலை உதிர்ந்து போட்டுது எண்டு எழுதட்டோ?" என்று கேட்டார்.

கேட்டுவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். என்னைப் பார்த்தபடியே இருந்தார். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை, ஒரு மனிதன் வாயைத் திறந்து உண்மை சொல்லப் போதுமான நேரம்.

"ஓம் மிஸ்" என்றேன்.

அவர் எழுதினார். ஏழாம் இலக்க அட்டையில் அவர் கையொப்பம் வைக்கவில்லை. நாற்பத்தொரு அட்டையில் அந்த ஒரு கட்டம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அதற்குப் பிறகு எட்டு வருடம் ஒன்றாக வேலை செய்தோம். "எழுதினனீரோ?" என்று அவர் என்னிடம் மறுபடி கேட்கவே இல்லை. பேசாமல் அட்டையை வாங்குவார். போன வருடம் இலண்டனில் மகன் வீட்டில் காலமாகிவிட்டார். அவரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

கௌசிகா அழைத்த மறுநாள் தாளை எடுத்துக்கொண்டு போய் அவள் மேசையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஏழாம் இலக்க அட்டையை எடுத்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மிஸ் ஏன் கையொப்பம் வைக்கேல்லை எண்டு இப்பதான் விளங்குது" என்றாள்.

பலகையை மாற்ற வேண்டும் என்றேன். நான் எழுதிக்கொண்டு போயிருந்ததை வாசித்தாள். "இக்கோடுகள் அருங்காட்சியகத்துக்கு வந்தபோது இருந்தன. துணிப் பாதுகாவலர் கணேசலிங்கம் அனுமதியின்றி நீரில் கழுவியதால் அழிந்தன. குடும்பத்தினர் இவற்றை முழுமையாகப் பாதுகாத்து ஒப்படைத்தனர்."

"பேர் வேண்டாம் சேர். பராமரிப்பின்போது அழிந்தன எண்டு போடுவம்."

"போடு பிள்ளை. றோஸம்மாக்காவின்ரை தலையிலை இந்தப் பழி பதினாலு வருசம் கிடந்ததுதானே."

அவள் மறுக்கவில்லை. நிலைப்படத்தின் பிரதி ஒன்றையும் எழுதிய தாளையும் எடுத்துக்கொண்டு குருநகருக்குப் போனேன். அதே பத்து நிமிடம், இப்போது எனக்கு இருபது எடுத்தது.

றோஸம்மா வீட்டு வாசலில் கதிரையில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. "அண்ணையின்ரை இடத்துத் தம்பியெல்லோ. இருங்கோ" என்று கை கழுவிவிட்டு வந்தார். நான் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன், இருந்தால் சொல்லமாட்டேன் என்று பயம். கழுவியதைச் சொன்னேன். விழாவன்று பொய் சொன்னதைச் சொன்னேன். புதிய பலகையை வாசித்துக் காட்டினேன்.

அவர் ஏசவில்லை. படத்தை வாங்கி மடியில் விரித்தார். விரலை மேல் கோட்டில் வைத்தார்.

"இது முதல் மேடை, எங்கடை கோயில் பெருநாள். இது ஊர்காவற்துறை. இது மன்னார், பஸ் பழுதாகி விடியத்தான் வந்தவர். இது தொண்டைமானாறு." விரல் இறங்கிக்கொண்டே வந்தது. ஒன்றில் நின்றது. "தம்பி எந்த ஊர்?"

"இணுவில்."

"பதினோராவது உங்கடை."

நான் பார்த்தேன். நானூற்று எண்பத்தாறு மில்லிமீற்றர் என்று என் கையெழுத்தில் இருந்தது. அப்போதுதான் பக்கத்தில் கிடந்த கதிரையில் உட்கார்ந்தேன்.

"அந்தப் பலகையைப் பேரப்பிள்ளையள் எனக்கு வாசிச்சுக் காட்டினவை" என்றார். "சொந்தக்காரர் போய்ப் பாத்திட்டு வந்து, உப்பைக்கூட வைச்சிருக்கத் தெரியாத மனிசி எண்டு கதைச்சவை. ஒவ்வொரு தவக்காலமும் சாமியாரிட்டைப் பாவசங்கீர்த்தனத்திலை என்ரை பாவமெண்டு இதைச் சொன்னனான். சாமியார் சொன்னவர், அம்மா இது பாவமில்லை, இனிச் சொல்லாதேங்கோ எண்டு. எண்டாலும் சொன்னனான்."

மன்னிப்புக் கேட்டேனா என்றுகூட இப்போது நினைவில்லை. கேட்டிருப்பேன்.

"அந்தத் தண்ணியை எங்கை ஊத்தினனீர்?" என்று கேட்டார்.

இவ்வளவு நேரமும் தம்பி, இருங்கோ என்றவர் இப்போது மரியாதையைக் குறைத்து நீர் என்றார்.

"கானுக்குள்ளை, அக்கா."

"எந்தக் கான்?"

"ரோட்டுக் கரைக் கான்."

"அது இஞ்சை கடலுக்குத்தானே வந்து விழுகுது."

"ஓம்."

அவர் படத்தை மடிப்புப் பிசகாமல் மடித்தார். நான்கு மூலையும் ஒட்டிப் பார்த்தார்.

"அப்ப உப்பு வீட்டை வந்திட்டுது" என்றார். "என்ரை பதினாலு வருசத்தை எந்தக் கானாலை கொண்டுவருவீர்?"

பிறகு மீன் சட்டியை இழுத்து வைத்துக்கொண்டு வெட்டத் தொடங்கினார். நான் எழுந்து வந்துவிட்டேன்.